தோற்ற அணி ஃபைனலுக்கு, வென்ற அணி வீட்டுக்கு: கான்ஃபரன்ஸ் கமிஷனர்களுக்கு ஒரு திறந்த மடல்

பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் கான்ஃபரன்ஸ்களை, அதாவது சேர்ந்து ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புகளை, நடத்தும் கமிஷனர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து விதிகளை வகுக்கும் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் நான்கு அணிகள் 6 வெற்றி, 2 தோல்வி என்று சமமாக நின்றன: பாய்ஸி ஸ்டேட், நியூ மெக்சிகோ, சான் டியேகோ ஸ்டேட், யு.என்.எல்.வி. இந்த நான்கில் இரண்டுக்குத்தான் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் இடம். நான்கும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். யு.என்.எல்.வி. பாய்ஸியிடம் தோற்றது, நியூ மெக்சிகோவிடம் 40-35 என்று சொந்த ஊரிலேயே தோற்றது, சான் டியேகோவோடு ஆடவே இல்லை. இந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூட வெல்லாத அணி அது ஒன்றுதான். ஃபைனலுக்குப் போனது பாய்ஸியும் யு.என்.எல்.வி.யும். தேர்ந்தெடுத்தது கணினித் தரவரிசைகளின் சராசரி. யு.என்.எல்.வி.யையும் சான் டியேகோவையும் வென்ற நியூ மெக்சிகோ வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது.

அதே வாரம் ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸிலும் இதே கதைதான். வர்ஜீனியா 7-1 என்று முதலிடம். இரண்டாம் இடத்துக்கு ஐந்து அணிகள் 6-2 என்று வரிசையில் நின்றன. அந்த ஐந்துக்குள் நடந்த ஆட்டங்கள் நான்கே நான்கு. எஸ்.எம்.யு. மயாமியை வென்றது. மயாமி பிட்ஸ்பர்கை வென்றது. பிட்ஸ்பர்க் ஜார்ஜியா டெக்கை வென்றது. ஜார்ஜியா டெக் டியூக்கை வென்றது. வட்டமே இல்லை, நேர்கோடு. மேலே யார், கீழே யார் என்பதில் குழப்பத்துக்கு இடமே கிடையாது. அந்தக் கோட்டின் அடிமட்டத்தில் இருந்த டியூக்தான் ஃபைனலுக்குப் போனது. டியூக் ஆடிய எதிரணிகளின் மொத்த வெற்றி விகிதம் மற்றவர்களுடையதைவிட அதிகம் என்பது காரணம்.

டியூக் வீரர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, நவம்பரில் தங்களைத் தோற்கடித்த வர்ஜீனியாவை ஃபைனலில் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்றார்கள். அந்தக் கோப்பை அவர்களுடையது. எஸ்.எம்.யு.வும் கடைசி சனிக்கிழமை கலிஃபோர்னியாவிடம் தோற்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. என் கேள்வி விதியை எழுதியவர்களிடம் மட்டும். சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை ஏன் இவ்வளவு சுலபமாகத் தள்ளிவைக்கிறீர்கள்?

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். முன்பு பெரிய கான்ஃபரன்ஸ்கள் கிழக்கு, மேற்கு என்றோ வடக்கு, தெற்கு என்றோ இரண்டு டிவிஷன்களாகப் பிரிந்திருந்தன. ஒரு டிவிஷனில் இருப்பவர்கள் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள். இரண்டு டிவிஷன்களின் முதல்வர்களும் ஃபைனலில் மோதுவார்கள். இன்று டிவிஷன்களை விடாமல் வைத்திருப்பது சன் பெல்ட் மட்டுமே. மற்றவர்கள் ஒரே பட்டியல் போட்டு முதல் இரண்டு அணிகளை அனுப்புகிறார்கள்.

டிவிஷன்கள் இருந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையின் வேர் டிவிஷன் காலத்தில்தான் இருக்கிறது. 2008-இல் பிக் 12 கான்ஃபரன்ஸின் தெற்குப் பிரிவில் என்ன நடந்தது என்பதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த அக்டோபர் 11 அன்று டல்லாஸின் காட்டன் பௌல் மைதானத்தில் டெக்சாஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று வென்றது. இரு அணிக்கும் பொதுவான மைதானம், பாதி அரங்கு ஆரஞ்சு, பாதி அரங்கு சிவப்பு. நவம்பர் 1 அன்று தன் ஊரான லபக்கில் டெக்சாஸ் டெக் டெக்சாஸை 39-33 என்று வீழ்த்தியது. கிரஹாம் ஹாரல் எறிந்த பந்தைக் கோட்டோரமாகப் பிடித்து, தடுத்தவரை உதறிவிட்டு, ஆட்டம் முடிய ஒரு நொடி இருந்தபோது எல்லைக்குள் ஓடினார் மைக்கேல் கிராப்ட்ரீ. அதற்குச் சற்று முன்புதான் ஒரு டெக்சாஸ் வீரரின் கைக்கே வந்த பந்து நழுவிப் போயிருந்தது; அதைப் பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் நவம்பர் 22, தன் ஊரான நார்மனில் ஓக்லஹோமா டெக்சாஸ் டெக்கை 65-21 என்று நசுக்கியது.

மூவரும் ஒருவரை வென்று ஒருவரிடம் தோற்றார்கள். மற்ற எல்லா ஆட்டங்களிலும் மூவரும் வென்றார்கள். மூவரும் 11-1, கான்ஃபரன்ஸுக்குள் 7-1. விதிப் புத்தகத்தின் முதல் நான்கு படிகளாலும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. ஐந்தாவது படி: பி.சி.எஸ். என்ற தேசியத் தரவரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவர்.

பி.சி.எஸ். என்பது மூன்றில் இரண்டு பங்கு மனித வாக்குகள், ஒரு பங்கு ஆறு கணினிக் கணக்குகள். வாக்காளர்களில் ஒரு பட்டியல் முழுக்கப் பயிற்சியாளர்கள். அதாவது, போட்டியில் இருப்பவர்களின் சகாக்களும் எதிரிகளும். டிவிஷனுக்கு உள்ளே யார் முதல்வர் என்ற கேள்வியை, நாடு முழுக்க யாரை எவ்வளவு பிடிக்கிறது என்ற கேள்வியாக மாற்றிவிட்டார்கள். கடைசி வாரத்துக்கு முன்பு டெக்சாஸ் ஒரு படி மேலே இருந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 49-9 என்று அடித்தும் கீழே இறங்கியது. ஓக்லஹோமா ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 61-41 என்று வென்று மேலே ஏறியது. இடைவெளி 0.0128. மனித வாக்குகளில் இருவரும் கிட்டத்தட்டச் சமம், கணினிகள்தான் தராசைச் சாய்த்தன.

அந்த நவம்பர் முழுக்க நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஓக்லஹோமா தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் 60-க்கு மேல் புள்ளி எடுத்தது, மிசூரியை 62-21 என்று வீழ்த்திய கான்ஃபரன்ஸ் ஃபைனலையும் சேர்த்து. சாம் பிராட்ஃபோர்ட் வழிநடத்திய அந்த அணி உண்மையிலேயே அபாரமான அணி, ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் வாக்காளர்கள் ஸ்கோரைப் பார்த்து வாக்களிக்கும்போது, ஜெயித்து முடித்த ஆட்டத்தில் இன்னும் ஒன்று போடு, இன்னும் ஒன்று போடு என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தோன்றத்தானே செய்யும்? டெக்சாஸ் பயிற்சியாளர் மேக் பிரவுன் தன் அணிக்காக வெளிப்படையாக ஆதரவு திரட்ட வேண்டியிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விதி அவரைப் பிரசாரத்துக்குத் தள்ளியது.

டெக்சாஸ் ரசிகர்கள் 45-35 என்று சொன்னால், லபக்காரர்கள் 39-33 என்பார்கள், நார்மன்காரர்கள் 65-21 என்பார்கள். மூன்றும் உண்மை. ஆகவே 2008-க்குச் சுத்தமான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடை எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: மைதானத்திலிருந்து.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தை அப்படியே கூட்டினால் ஓக்லஹோமா +34, டெக்சாஸ் +4, டெக்சாஸ் டெக் -38. ஓக்லஹோமாதான் முதல்வர். ஆனால் அப்படி எண்ணினால் 40 புள்ளி முன்னிலையில் இருப்பவரும் நிறுத்தமாட்டார். எந்த வெற்றியையும் 14 புள்ளிக்கு மேல் எண்ணக் கூடாது என்று வையுங்கள். இப்போது டெக்சாஸ் +4, ஓக்லஹோமாவும் +4, டெக் -8. டெக் விலகும். மீதி இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடியிருக்கின்றன, அதில் டெக்சாஸ் வென்றிருக்கிறது. வரம்பை 21 என்று வைத்தால் மறுபடி ஓக்லஹோமா. எண்ணை எங்கே வைப்பது என்பதில் நல்ல மனிதர்கள் சண்டை போடலாம், சரி. ஆனால் செப்டம்பருக்கு முன்பே அந்த எண்ணை எழுதிவைத்துவிட்டால், நவம்பரில் ஒவ்வொரு வீரனுக்கும் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர் கிரிக்கெட் ரசிகர்களிடம் கேளுங்கள். 2024 ஐ.பி.எல்.லில் சென்னையும் பெங்களூருவும் மோதிய கடைசி லீக் ஆட்டத்தில் சென்னைக்கு வெற்றி இலக்கு 219, ஆனால் பிளே-ஆஃப் போக 201 போதும். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த எண் தெரியும், கடைசி ஓவரில் தோனி அடித்த சிக்ஸரின் மதிப்பும் தெரியும். 191-இல் நின்றது, சென்னை வெளியேறியது. வருத்தம் மலையளவு இருந்தது, ஆனால் யாரோ எங்கோ உட்கார்ந்து எங்களைக் கீழே இறக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 2008-இல் 49-9 என்று வென்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புக்காகக் காத்திருந்த, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் மாணவர்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

அப்போதே எஸ்.இ.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸிடம் இதைவிட நல்ல விதி இருந்தது. மூன்று அணிகள் சமமாக இருந்தால் தரவரிசையைப் பார்ப்பார்கள், ஆனால் மேலே உள்ள இரண்டு அணிகளும் நெருக்கமாக இருந்தால் அவர்களுக்குள் யார் வென்றார் என்பதற்குத் திரும்பிவிடுவார்கள். பிக் 12-இல் அந்த விதி இருந்திருந்தால் டெக்சாஸ் மிசூரியோடு ஆடியிருக்கும். விதியை யார் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே சாம்பியன் மாறிப்போயிருக்கிறார்.

இன்று நிலைமை இன்னும் சிக்கல். பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 அணிகள், ஒருவர் ஆடுவது 9 ஆட்டம். எட்டு அணிகளை அவர் பார்ப்பதே இல்லை. எஸ்.இ.சி.யில் 16 அணிகள். அங்கே 2026 முதல் 9 ஆட்டங்கள் என்று ஆக்கியதை வரவேற்கிறேன், இருந்தும் ஆறு அணிகள் விடுபடும். எல்லோரும் எல்லோரோடும் ஆடாதபோது நேருக்கு நேர் முடிவை எப்படி எண்ணுவது, ஒருவர் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறார், ஒருவர் ஒன்று, ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் வெற்றியை எண்ணச் சொல்லவில்லை. தோல்வியை மட்டும் பாருங்கள்.

சமமாக நிற்கும் அணிகளுக்குள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணி முதலில் விலகட்டும். பிறகு மீதி உள்ளவர்களோடு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குங்கள். ஏ.சி.சி.யில் இதைப் போட்டுப் பார்த்தால் டியூக் விலகும், அடுத்து ஜார்ஜியா டெக், அடுத்து பிட்ஸ்பர்க், அடுத்து மயாமி. எஸ்.எம்.யு. நிற்கும். கணினியும் வேண்டாம், எதிரணிகளின் வெற்றி விகிதமும் வேண்டாம். மவுண்டன் வெஸ்டில் யு.என்.எல்.வி. விலகும், மற்ற மூவரும் 2008 போலவே ஒரு வட்டம், பாய்ஸி நியூ மெக்சிகோவை வென்றது, நியூ மெக்சிகோ சான் டியேகோவை, சான் டியேகோ பாய்ஸியை. அப்படிப்பட்ட வட்டத்துக்குத்தான் வரம்பு வைத்த புள்ளி வித்தியாசம். எஸ்.இ.சி. ஏற்கெனவே வரம்பு வைத்த ஒரு வித்தியாசக் கணக்கைத் தன் பட்டியலின் பின்படிகளில் வைத்திருக்கிறது. அதைச் சமமாக நிற்கும் அணிகளின் ஆட்டங்களுக்கு முதலில் பயன்படுத்தினால் போதும்.

எதிரணிகளின் வெற்றி விகிதம் கடைசிப் படிகளில் இருக்கட்டும். அட்டவணையைப் போடுவது நீங்கள். உங்கள் அட்டவணையில் யாருக்குக் கடினமான அணிகள் விழுந்தன என்பதற்கு இருபது வயதுப் பிள்ளைகள் பரிசோ தண்டனையோ பெறக் கூடாது. தரவரிசை, வாக்கு, சூத்திரம் வெளியிடப்படாத தனியார் மதிப்பெண் ஆகிய மூன்றையும் டை-பிரேக்கர் (சமமாக நிற்கும் அணிகளைப் பிரிக்கும் விதி) பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதற்குப் பிறகும் பிரிக்க முடியவில்லை என்றால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அதையாவது ஒளிவுமறைவில்லாத அதிர்ஷ்டம் என்று ஏற்றுக்கொள்ளலாம்.

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பன்னிரண்டு அணிகளின் பிளே-ஆஃப் வந்துவிட்டதே, கான்ஃபரன்ஸ் ஃபைனல் இப்போது அவ்வளவு முக்கியமா என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். மயாமி ஏ.சி.சி. ஃபைனலுக்கே போகாமல் தேசிய ஃபைனல்வரை போனது உண்மைதான். ஆனால் நியூ மெக்சிகோ போன்ற அணிக்கு அப்படி ஒரு பின்வாசல் கிடையாது. அவர்களுக்குக் கான்ஃபரன்ஸ் ஃபைனல்தான் ஒரே வாசல். பெரிய அணிகளுக்கு மாற்று வழி இருக்கிறது என்பதற்காகச் சின்ன அணிகளின் வாசலில் கணினியைக் காவலுக்கு வைக்காதீர்கள்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பு உங்கள் கூட்டங்களில் இதை விவாதப் பொருளாக எடுங்கள். புதிய பட்டியலை எழுதியதும், அதை 2008-இன் மூன்று அணிகளுக்கும் 2025-இன் ஒன்பது அணிகளுக்கும் பொருத்திப் பார்த்து, யார் போயிருப்பார்கள், ஏன் போயிருப்பார்கள் என்று விதியோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
சனிக்கிழமைகளை இந்த ஆட்டத்துக்கே ஒதுக்கிவைத்திருக்கும் ஒரு தமிழ் ரசிகன்