தாடி மாமாவிடம் சேர்க்க வேண்டிய பெட்டி

அன்புள்ள கண்ணாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. எடிசனில் பனி இன்னும் சரியாக விழவில்லை, குளிர் மட்டும் எலும்பு வரை போகிறது. காரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டாயா? முன் பம்பரின் போட்டோவை அக்கா காட்டினாள். பார்க்கிங்கில் தூணில் இடித்துவிட்டதாக நீ சொன்னாயாம். தூண் என்றால் தூண்தான், நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நம்ம கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் பேஸ் கிடார்காரர் ஃபில் லெஷ் போனது அக்டோபர் 25. அன்று ராத்திரியே நீ கூப்பிடுவாய் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அனுப்பிய செய்திக்கு மறுநாள் ஓர் அழுகை முகம் வந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் தீபாவளிக்கு வரத்தானே போகிறான், நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வந்த இடத்தில், பெரியப்பா வீட்டில், அதற்கெல்லாம் நேரமில்லாமல் போய்விட்டது. அந்த ராத்திரியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அம்மாவும் பேச மாட்டாள். பெரியப்பாவும் மறந்துவிட்டதாகச் சொன்னார்.

அப்புறம் டிசம்பர் 15 ஜாகிர் ஹுசேனும் போய்விட்டார். அக்கா ஆஸ்டினிலிருந்து கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாள். அவளுக்கு இந்தச் சங்கீதமே ஆகாது, அப்பாவுக்காகக் கூப்பிட்டாள். உன்னிடமிருந்து அழுகை முகம்கூட வரவில்லை. 'பிளானட் டிரம்' சிடியைத் தேய்த்தது நீதான், அவள் இல்லை. டெட்டின் டிரம்மர் மிக்கி ஹார்ட், ஜாகிர், நம்ம விக்கு விநாயக்ராம் எல்லோரும் சேர்ந்து 1991-ல் போட்டது. உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி கொடுக்க ஆரம்பித்தபோது முதல் கிராமி அதற்குத்தான். அதில் கடத்தைக் கேட்டுவிட்டு அம்மாவின் மண்பானையை நீ என்ன செய்தாய் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம்தானே மிருதங்கம் கற்றுக்கொள்ளணும் என்று அடம்பிடித்தாய்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. 1969 டேப் ஒன்றில் பதினொன்று எண்ணிக்கையில் டெட்காரர்கள் வாசிக்கிற பாட்டு வரும். மிக்கி, ஜாகிரின் அப்பா அல்லா ரக்காவிடம் போய்ப் பாடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வந்திருந்த என் நண்பர்கள் ஆளாளுக்கு விரல்விட்டு எண்ணித் தோற்றுப்போனார்கள். பத்து வயதுப் பையன் நீ, சோபாவின் கையில் ஒரு தட்டு தட்டி, 'தகிட தகிட தகிட தக, அவ்வளவுதாம்பா' என்றாய். தாடி மாமா எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்துதான் உன்னை அவர் 'லெவன்' என்று கூப்பிடுகிறார்.

விடுமுறை என்பதால் பேஸ்மென்டில் டேப்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் மேக்ஸெல் எக்ஸ்எல் டூ, 90 நிமிஷம். பாதி தாடி மாமா பதிவு செய்தது, மீதி தபாலில் மாற்றிக்கொண்டது. பணம் வாங்குகிற பேச்சே கிடையாது. காலி டேப்பும் தபால் செலவும் அனுப்பினால் ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து காப்பி எடுத்து, பாட்டு வரிசையை அழகாக எழுதி அனுப்புவார். கிரேட்ஃபுல் டெட்காரர்களும் தடுக்கவில்லையே. 1984-லிருந்து மைக் ஸ்டாண்டோடு வருகிறவர்களுக்கு மிக்ஸிங் மேஜைக்குப் பின்னால் தனி இடமே ஒதுக்கிவிட்டார்கள். 2,300-க்கு மேல் கச்சேரி செய்தார்கள், இன்றைய வரிசை நாளை வராது. அதனால்தான் எங்களுக்கு எல்லா ராத்திரியும் வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் இணையத்திலேயே கிடக்கிறது, இந்த டேப்புகளை யார் கேட்பார்கள் என்கிறாள் அம்மா. அவள் சொல்வது நியாயம்தான்.

1986 டிசம்பர் 15, ஓக்லண்ட் கச்சேரியின் டேப் மேலேயே கிடந்தது. இத்தனை வருஷமாக அந்தத் தேதி என்றால் எனக்கு அதுதான். இனிமேல் ஜாகிரும் சேர்ந்து ஞாபகம் வருவார். அந்த வருஷம் ஜூலையில் டெட்டின் கிடார்காரர் கார்சியா சர்க்கரை ஏறிக் கோமாவில் விழுந்தாரே. எழுந்தபோது கிடார் வாசிக்கவே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் நண்பர் கீபோர்ட்காரர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக வாசிக்க வைத்தார். ஐந்து மாதத்தில் டெட்டோடு மறுபடி மேடையேறிவிட்டார். முதல் பாட்டுக்கு அந்தக் கூட்டம் போடுகிற கூச்சலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. சர்க்கரை நம் வீட்டிலும் இருக்கிறது. தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. 35 ஆகிவிட்டது உனக்கு, ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள். சர்க்கரை மட்டும் இல்லை, எல்லாம் சேர்த்து. லிவரும் பார்க்கச் சொல். ஆபீஸ் இன்ஷூரன்ஸிலேயே வரும்.

நான் முதலில் பார்த்தது அடுத்த ஏப்ரலில், மெடோலேண்ட்ஸ் பிரெண்டன் பர்ன் அரங்கில். லேபில் என் பக்கத்து மேஜைக்காரராக இருந்த தாடி மாமாதான் இழுத்துக்கொண்டு போனார். டிக்கெட் இல்லாதவர்கள் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கில் உலாத்துகிறார்கள், யாராவது சும்மா ஒரு டிக்கெட் கொடுப்பார்களாம். கொடுக்கவும் செய்கிறார்கள்! பீன்ஸ் வைத்த பரிட்டோ விற்கிற பெண்ணிடம், இதில் கறி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், அவளே முந்திக்கொண்டு இல்லை என்றாள். அமெரிக்கா வந்த பிறகு சைவம் என்று நான் விளக்கம் சொல்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே இரண்டாம் பாதியில் மற்றவர்கள் எல்லாம் இறங்கிப்போய், மிக்கியும் பில் கிரூட்ஸ்மனும் மட்டும் டிரம்ஸில் உட்கார்ந்தார்கள். உடனே பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போயிற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மயிலாப்பூரில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிற அதே கூட்டம்! நான் நகரவில்லை. டிரம்ஸ் முடிந்து, எந்தச் சுருதியிலும் நிற்காத அந்த 'ஸ்பேஸ்' வந்து, அதிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடி அடுத்த பாட்டைப் பிடித்தார்களே, அங்கேதான் விழுந்தேன். ஆலாபனை கேட்டு வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1990 செப்டம்பர் மேடிசன் ஸ்கொயர் கார்டன் டேப்பில் என் குரல் இருக்கிறது, உனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மைக் பக்கத்தில் மூச்சுகூட விடக்கூடாது என்பது சட்டம். கார்சியா ஒரு இடத்தில் இறங்கியதும் என்னையறியாமல் 'சபாஷ்' என்றுவிட்டேன். மாமா ஒரு வாரம் பேசவில்லை. அந்த டேப் எத்தனை கை மாறி எங்கெல்லாம் போயிற்றோ. டெட்டில் கீபோர்ட் வாசித்த பிரெண்ட் மிட்லண்ட் போய் இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஜூலையில் கச்சேரிச் சுற்றுப்பயணம் முடிந்து மூன்றாம் நாள், வீட்டில். 37 வயது. அதற்கு முன்னால் அவர்களின் முதல் கீபோர்ட்காரர் பிக்பென், 1973-ல், 27 வயதில். மற்றவர்கள் என்னென்னவோ போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் பாட்டில் மட்டும்தான். அது ஒன்றும் பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது, கடையில் கிடைக்கிற சாமான்தானே. ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதே.

ஜூனில் நீ என்னை லாஸ் வேகஸ் ஸ்பியர் அரங்குக்கு, டெட்டில் மிஞ்சியவர்களின் டெட் அண்ட் கம்பெனி கச்சேரிக்கு, அழைத்துப்போனதை இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கோவிலில் அர்ச்சகருக்குக்கூடத் தெரியும். பையன் சொந்தச் சம்பாத்தியத்தில் அப்பாவுக்கு அப்படி ஒரு சீட் எடுத்துக் கொடுத்தான் என்று. மிக்கி அடிக்க அடிக்க நாற்காலியே அதிர்ந்ததே! நீ அதற்கு இல்லை. இடைவேளையில், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போனவன், டிரம்ஸ் முடிகிற நேரத்துக்குத்தான் வந்தாய். வரிசை நீளம்பா என்றாய். கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. நீளமாகத்தான் இருந்திருக்கும், அவ்வளவு ஜனம்.

எனக்கு அப்போது 1995 ஜூன் ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் ஞாபகம் வந்தது. உனக்கு ஆறு வயது. காதில் பஞ்சு வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கார்சியா தளர்ந்துபோயிருந்தார், அதைப் பற்றி என்ன சொல்ல. அவர் போன ஆகஸ்ட் 9-க்கு இரண்டு மாதம்கூட இல்லை. நீ மேடையையே பார்க்கவில்லை. நடைபாதையில் ஒரு மேஜை, அதில் கட்டியிருந்த மஞ்சள் பலூன்கள், அதுதான் வேண்டும் என்று அழுதாய். மேஜைக்குப் பின்னால் நின்றது தாடி மாமா. ஒன்றை அவிழ்த்து உன் மணிக்கட்டில் கட்டிவிட்டார். அவர் ஏன் அங்கே நின்றார் என்று நீ என்னைக் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை.

அவர்களுக்கு வார்ஃப் ராட்ஸ் என்று பேர். டெட் பாட்டு ஒன்றின் பேர்தான். குடிக்காமல், ஒன்றும் போடாமல் கச்சேரி கேட்கிறவர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இடைவேளையில் மஞ்சள் பலூனுக்குக் கீழே கூடுவார்கள். மாமா ஒவ்வொரு இடைவேளையிலும் டேப் டெக்கை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் காணாமல் போவார். டாய்லெட் வரிசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சிமென்ட் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டை-டை சட்டைக்காரன், வக்கீல் மாதிரி ஒருத்தர், பாட்டி ஒருத்தி. ஒவ்வொருவராக முதல் பேர் மட்டும் சொல்லி இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. விளக்கு அணைந்ததும் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உள்ளே ஓடினார்கள், பாட்டைத் தவறவிட்டுவிடுவோமோ என்று. மாமா என்னைப் பார்த்துவிட்டார். 'பாட்டை விட முடியாது, அதனால் மற்றதை விட்டேன்' என்றார், அதோடு சரி. நீ லேபர் டே தோறும் போகிற ஃபிஷ் குழுவின் கச்சேரியிலும் இப்படி ஒரு மேஜை உண்டாம், பேர்தான் வேறு, ஃபெலோஷிப் என்று. நீ பார்த்திருக்கலாம். கடந்து போயிருக்கலாம். மாமாதான் சொன்னார், நான் கேட்கவில்லை.

ஃபில்லுக்கு 1998-ல் லிவர் மாற்றினார்கள் என்பது உனக்குத் தெரியும். ஹெபடைட்டிஸ் சி. அதற்கப்புறம் 26 வருஷம் வாசித்தார். ஒவ்வொரு கச்சேரியிலும் நன்றி சொல்லி, உறுப்புதானம் செய்யுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொள்வார். 84 வயதில்தான் போனார். சும்மா சொல்கிறேன். டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் தேதியை எனக்கு எழுது, அவ்வளவு போதும், ரிப்போர்ட் எல்லாம் அனுப்ப வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாடி மாமா ரிட்டயராகிப் போல்டரில் இருப்பது தெரியுமே. அவர் பதிவு செய்த டேப்புகளை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டேன். பெட்டியை நேற்று உன் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் விலாசத்துக்கே அனுப்பக்கூடாதா என்று அம்மா கேட்டாள். உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை, நீ எடுத்துப்போய்க் கொடுப்பதுதான் மரியாதை. பெட்டிக்குள் பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் இருக்கின்றன, அது உனக்கு. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே, சோறு வடித்துப் பொடி போட்டுச் சாப்பிடு.

மாமாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் டேப் கொண்டுவருவான் என்று மட்டும் சொன்னேன். 'லெவன் வருகிறானா, ரொம்ப நாளாயிற்றே' என்றார். ஞாயிறு காலையில் அவருக்கு மீட்டிங் உண்டு, பத்தரைக்கு முடியும். அதற்கு முன்னால் போனால் வாசலில் நிற்க வேண்டாம், நேரே உள்ளே வந்து உட்காரச் சொன்னார். காரை எடுக்காதே. டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஃப்ளாட்அயர்ன் ஃப்ளையர் பஸ் போல்டருக்குப் போகிறது, அதில் போ. பெட்டி கனம்தான், ஆனால் கைப்பிடி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா