உள்ளே ஒரு சிவப்புக் கோடு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று விடியக்காலை 5.50க்கு என் மலை சைக்கிளில் அந்தக் கலுங்கை, கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் அந்தக் கல்கட்டை, தாண்டிவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை, மிதித்தே தாண்டினேன். அக்கரையில் பனைமரத்தில் வண்டியைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பின்னால் வந்த நம் சைக்கிள் கூட்டத்துப் பிள்ளைகள் பயந்துபோய், "அப்பத்தா, வலிக்குதா?" என்று கேட்டார்கள். வலி ஒன்றும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்களிடம் அப்போது சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் அதே கலுங்கில் நான் வண்டியோடு விழுந்து எலும்பு முறிந்து கிடந்த கதையை மறுபடி விரித்துச் சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு அங்கே நின்றீர்கள், மீதிப்பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள்.

என் குரல் கேட்டு ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தவர், கட்டிலைக் கொண்டுவந்து என்னை வரப்பு வழியாக ரோடுவரை தூக்கிய நான்கு பேர், குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த 108 வண்டிப் பிள்ளைகள், பெயர்கூடச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன இருவர், ஒரு மாதம் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொடுத்துவிட்ட எதிர்வீட்டு ஆச்சி, தினமும் அரை மணி நேரம் என் காலை மடக்கி நீட்டக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபி பெண், முகம் சுளிக்காமல் எல்லாம் பார்த்த என் மருமகள். எல்லோருக்கும் கைகூப்புகிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இப்போது என்னால் வர முடியும்.

ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். மற்றவர்கள் கோவித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

திருமயம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார், அதிகம் பேச மாட்டார். அன்றைக்குக் கரையில் கிடந்த என் வண்டியை யாரோ அவர் கடையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்கு மாதம் வண்டி அங்கேதான் இருந்தது. நான் அதை நினைத்தே பார்க்கவில்லை என்றால் பொய். நினைத்தேன், ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். பழம் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, போகிற நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "இனிமே போதும்." மகன் சிங்கப்பூரிலிருந்து பேசும்போதெல்லாம், "அம்மா, வண்டிய வித்துரலாம்" என்றான். அது அவன் விட்டுவிட்டுப் போன வண்டிதான். 54 வயதில் நான் அதில் ஏறியபோது ரொம்பச் சந்தோஷப்பட்டவனும் அவன்தான். பெரிய மருத்துவர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "இந்த வயசுல சைக்கிள் எதுக்கும்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படுத்துக்கிடக்கும்போது அடுத்தவர் சொல்வதெல்லாம் நியாயமாகவே படுகிறது.

மாசி மாதம் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்திருந்தேன். பிசியோதெரபி அறையில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் பத்து நிமிடம் மிதிப்பேன். ஒரு திங்கட்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். வண்டியை வாங்கிவரப் போகவில்லை. "நல்ல விலைக்கு யாராச்சும் கேட்டா குடுத்துருங்கண்ணே" என்று சொல்லப் போனேன். இதை அவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அண்ணே, இதைப் படித்துத்தான் நீங்களும் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் உள்ளே போய் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முன்சக்கரத்துக் கோட்டம் எடுத்தாயிற்று. டயரில் இருந்த கருவேல முள்ளெல்லாம் பிடுங்கியாயிற்று. சங்கிலி எண்ணெய் மின்னியது. ஸ்டாண்டில் போடாமல் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்று, "சும்மா உக்காந்து பாருங்க தங்கச்சி" என்றார்.

காலைத் தூக்கிப் போட முடியுமா என்று பயந்துகொண்டே போட்டேன். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. நுனிக்காலில் எட்டி நிற்கிற வண்டி அது, எனக்குத் தெரியும். இப்போது குதிகாலும் மண்ணைத் தொடுகிறது. சீட்டை நாலு விரற்கடை இறக்கி வைத்திருந்தார்.

யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. விழுந்து எழுந்தவளுக்கு முதலில் வேண்டியது எப்போது வேண்டுமானாலும் காலை ஊன்றிவிடலாம் என்கிற தைரியம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆனாலும் என் மனசு கோணலாகத்தான் போயிற்று. "அப்ப இனிமே இம்புட்டு உயரந்தானாண்ணே?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை இறங்கச் சொன்னார். லீவரைத் தளர்த்தி, சீட்டுக் கம்பியை மொத்தமாக வெளியே உருவினார். கம்பியைச் சுற்றி மெல்லிசாகச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு.

"இதான் உங்க பழைய அளவு. எறக்குறதுக்கு முன்னாடி போட்டு வச்சேன். இப்ப உள்ள இருக்கும், தெரியாது. மாசம் ஒருக்கா வாங்க, ஒரு விரக்கடை ஏத்தி விடுறேன். கோடு வெளிய தெரியுற அன்னைக்கு நீங்க பழையபடி."

"எப்பண்ணே போட்டீக?"

"கார்த்திகையில."

கார்த்திகையில் நான் புரண்டு படுக்க ஆள் வேண்டியிருந்தது. என் மகன், என் மருத்துவர், என் சொந்தக்காரர்கள், நான், இத்தனை பேரும் முடிந்துபோன கதை என்று ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில், ஒரு மனுஷன் கடையில் உட்கார்ந்து என் உயரத்தை அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறார்.

கம்பியைத் திரும்பச் செருகினார். கோடு உள்ளே போயிற்று. நான் விற்கிற பேச்சை எடுக்கவே இல்லை. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணிபர்ஸைத் திறந்தாள். ரிம்முக்கும் டியூபுக்கும் கோட்டம் எடுத்த கூலிக்கும் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. இனாமாகச் செய்திருந்தால் மனசு கூசியிருக்கும். இரக்கப்பட்டுச் செய்தது போல இல்லாமல், வண்டி ஓட்டுகிற ஒருத்தியிடம் வாங்குவது போல வாங்கினார்.

கிளம்பும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: "ரொம்ப நாளைக்கு இப்புடியே தாழ்த்தி ஓட்டாதீக. முட்டி ரொம்ப மடங்கும், முட்டிச்சில்லு நோவும்." பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்: சீட்டு தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கத்தில் அழுத்தம் கூடும். மிதி கீழே போகும்போது கால் லேசான மடிப்போடு ஏறக்குறைய நீண்டுவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பங்குனியில் முதல் விரற்கடை ஏற்றப் போனபோது கேட்டேன். அவருடைய அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். "அறிவொளி நேரத்துல சாயங்காலம் ஆனா பொம்பளையாளுக வரிசையா வந்து நிப்பாக. ஒவ்வொருத்தருக்கா சீட்ட எறக்கி எறக்கியே எங்கப்பாவுக்கு ஸ்பானர் தேஞ்சு போச்சு. நாந்தான் கூட மாட நிப்பேன்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி வரிசையில் நின்றவள்தானே நானும்! அவர் கடையில் அல்ல, அரிமளம் பக்கம் என் அம்மா வீட்டுக்கு அருகில். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த 1990களின் தொடக்கம். ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகப் போகிற பெண்கள் பஸ்ஸை நம்பி இருக்கக் கூடாது என்று சைக்கிளையும் பாடத்தோடு சேர்த்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், களையெடுக்கிற பெண்கள், ஆசிரியைகள் என்று மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டோம். எனக்கு அப்போது 28 வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. பார் வைத்த ஆம்பளை சைக்கிளில்தான் கற்றேன். களத்துமேட்டில் எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கே இல்லை. ஒருவர்கூட அன்றைக்கு "இனிமே போதும்" என்று சொல்லவில்லை. கேலி செய்தார்கள், பாட்டுக் கட்டினார்கள், ஆனால் விழுந்ததற்காக யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 61 வயதில் விழுந்தால் மட்டும் ஏன் அந்த வார்த்தை வருகிறது என்று படுக்கையில் கிடந்து நிறைய யோசித்தேன்.

பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. என் எலும்பு மெலிந்திருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கும் என்பதும், சைக்கிள் மிதிப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைக்கும் நல்லதே தவிர எலும்புக்கு அது மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று. உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. எலும்பு பாரம் சுமந்தால்தான் உறுதிப்படும். நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், கனம் தூக்க வேண்டும். ஏழு வருஷம் கரையிலும் தைலமரக் காட்டிலும் ஓட்டினேனே, யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதில் ஓட்டுகிற, ஓட்ட நினைக்கிற தங்கச்சிகள் தயவுசெய்து இதை மனசில் வையுங்கள். நான் இப்போது வாரத்தில் மூன்று நாள் முற்றத்தில் நின்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குகிறேன். நாற்காலியில் கை ஊன்றாமல் இருபது முறை உட்கார்ந்து எழுகிறேன்.

கண்ணும் மாறிவிட்டது. வெயிலிலிருந்து தைலமர நிழலுக்குள் நுழைந்ததும் சில நொடி ஒன்றும் தெரிவதில்லை, முன்பு அப்படி இல்லை. ஆகவே நிழலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். படிக்கவும் பார்க்கவும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் கீழே பார்த்தால் தரை மங்குகிறது, கல் எது குழி எது என்று பிடிபடவில்லை. ஓட்டுவதற்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி தனியாகச் செய்துகொண்டேன். டயரில் காற்றை முன்பைவிடக் குறைத்து வைக்கச் சொன்னதும் கடை அண்ணன்தான். சரளையில் பிடிப்பும் கிடைக்கிறது, மணிக்கட்டுக்கு அதிர்ச்சியும் குறைகிறது.

மலையே இல்லாத சீமையில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருநாள் எங்களோடு வாருங்கள். செம்பராங்கல் பாறை, ஓடைக்கரை, கண்மாய்க் கரையின் ஏற்ற இறக்கம், மழைக்குப் பிறகு அரித்துப்போன வண்டிப்பாதை, தூரத்தில் திருமயம் கோட்டை. இதற்கு மேல் என்ன வேண்டும்!

படுத்திருந்தபோது நம் கூட்டத்துப் பிள்ளைகள் ஃபோனில் நிறையக் காட்டினார்கள். அமெரிக்காவில் நெட் ஓவரெண்ட் என்று ஒருவர். 1990இல் டுராங்கோவில் நடந்த மலை சைக்கிள் உலகப் போட்டியில் வென்றபோது அவருக்கு 35 வயது. அதே மனிதர் 2015இல், 59 வயதில், பருத்த டயர் சைக்கிளுக்கான அமெரிக்க தேசியப் போட்டியில் பிள்ளைகள் வயதுக்காரர்களை முந்தி ஜெயித்திருக்கிறார். நான் போட்டிக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: 1970களில் கலிபோர்னியாவில் இந்த விளையாட்டு தொடங்கியபோது, மலைச்சரிவில் கனத்த பழைய சைக்கிளில் இறங்குவார்களாம். பின்சக்கரப் பிரேக் சூடேறி உள்ளே கிரீஸ் புகைந்து போகும், ஒவ்வொரு தடவையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது திரும்ப அடைப்பது, என்று பெயர் வந்துவிட்டது. இதைக் கடை அண்ணனிடம் சொன்னபோது, நான் பார்த்து முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கிரீஸ் அடைக்கிறவன் பேருல ஒரு பாதை இருக்கா!" என்றார்.

சில வாக்குகளை எல்லோர் முன்னாலும் கொடுக்கிறேன். மழை பெய்தால் கலுங்குப் பக்கம் போக மாட்டேன். தனியாகக் கரையில் ஏற மாட்டேன். ஹெல்மெட்டை ஒருபோதும் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு போக மாட்டேன். உடம்பு ஓய்வு கேட்டால் மறுநாள் ஓட்ட மாட்டேன். ஆடி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருப்பேன். ஐம்பது வயது தாண்டிய பெண்கள் யார் வந்தாலும், ஒருகாலத்தில் ஓட்டி மறந்தவர்களும் ஓட்டவே தெரியாதவர்களும், சீட்டை இறக்கி, கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவேன். என்னால் ஓட முடியாத நாளில் என் பேத்தி ஓடுவாள், அவளிடம் சொல்லிவிட்டேன். வருகிற ஒவ்வொருவருடைய அளவுக்கும் கம்பியில் ஒரு கோடு போட வேண்டும். அதற்குச் சின்ன டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.

பங்குனியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று ஏற்றியாயிற்று. நேற்றுக் கலுங்கைத் தாண்டியது மூன்று விரற்கடை ஏறிய உயரத்தில்.

அண்ணே, செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு வருகிறேன். ஒரு விரற்கடை பாக்கி இருக்கிறது.

கடியாபட்டியிலிருந்து,
உங்கள் அப்பத்தா