செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25: நம் பணியைக் கதையாகச் சொல்லுதல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள சிறுதொழில் முனைவோர்களே, தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழிலையோ தொண்டையோ தலைமையேற்று நடத்துவோர் தம் பணியைப் பிறர் மனத்தில் பதியும்படி எடுத்துச் சொல்வது எப்படி என்பதையே, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களுக்குப் பொருளாகக் கொண்டோம். சந்தா வசூலும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

கூட்டங்களில் மிகுதியாக விவாதிக்கப்பட்டது 'அமுல்' என்று அறியப்படும் குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவின் அனுபவமாகும். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946இல் பதிவான அச்சங்கத்தை, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் பின்னர் வளர்த்தெடுத்தார். வெண்மைப் புரட்சித் திட்டம் 1970இல் தொடங்கி, கூட்டுறவு என்பதையே அறியாத ஊர்களுக்கும் அம்முறையைக் கொண்டு செல்ல வேண்டியிருந்த காலத்தில், ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' திரைப்படம் 1976இல் வெளிவந்தது. அதற்கான பணத்தைக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாயாகக் கொடுத்தார்கள். கால்நடை மருத்துவர், பால் தொழில்நுட்பம் அறிந்தவர், தீவன வல்லுநர் ஆகியோர் அடங்கிய குழுக்கள் அப்படச்சுருளுடன் ஊர் ஊராகச் சென்றன. படம் பார்த்தவர் மனத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்ல ஆளும் அங்கேயே இருந்தார் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் என்று கருதுகிறேன். கதையின் அமைப்பும் கவனத்துக்குரியது. வெளியூரிலிருந்து வந்து பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க முயலும் கால்நடை மருத்துவர், தனியார் பால்பண்ணைக்காரரின் எதிர்ப்பையும் சாதிப் பிளவையும் சந்தித்து, முடிவில் ஊரைவிட்டே போய்விடுகிறார். சங்கத்தை ஊர் மக்கள் தொடர்ந்து நடத்துகிறார்கள். நிறுவனரையே கதாநாயகராக்கும் நம் ஆண்டு மலர்களை இதனோடு ஒப்பிட்டு உறுப்பினர்கள் நெடுநேரம் பேசினார்கள்.

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மெக்டொனால்ட்ஸ் கடைகள் எங்கும் ஒரே தரத்தில் உணவு தருவதைச் சுட்டி, கண் சிகிச்சையையும் அவ்வாறு ஏன் தர முடியாது என்று கேட்டு வந்தார். பெரிய திட்டமொன்றைப் பாமரரும் பிடித்துக்கொள்ளும்படி ஒரே கேள்விக்குள் வைத்த அத்திறமையைச் சிறுதொழில் உறுப்பினர்கள் பெரிதும் பாராட்டினார்கள்.

தொண்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை, பயனாளியின் துயரத்தைக் காட்டி நன்கொடை கேட்கும் வழக்கம் குறித்துக் கடுமையான கருத்துகள் எழுந்தன. ஒரு குடும்பத்தின் கதை ஆயிரம் பேரைக் குறிக்கும் எண்ணைவிட விரைவாக மனத்தைத் தொடும் என்பது உண்மையே. ஆயினும் அக்குடும்பத்தின் சம்மதமின்றி அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே, பெயரும் படமும் வெளியிடுமுன் உரியவருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் எனவும், நன்கொடைக் கடிதத்தில் இடம்பெறும் ஒவ்வொரு கதையுடனும் அவ்வாண்டின் செலவுக் கணக்கு இணைக்கப்பட வேண்டும் எனவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளையும் இவ்வறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்