ஆற்றங்கரையில் ஒரு கயிறாவது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் மூழ்கியவரைக் காப்பாற்றக் குதித்தவரும் இறந்தார் என்ற வரியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்க நேர்கிறது. அந்த இரண்டாவது சாவு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நகரத்துக்குள் ஓடும் ஆறு அமைதியாகத் தோன்றினாலும், பாலத் தூண்களும் மதகுகளும் ஏற முடியாத கான்கிரீட் சுவர்களும் நீருக்கடியில் கிடக்கும் கம்பிகளும் அதை ஆபத்தாக்கிவிடுகின்றன. இவற்றுள் மிகக் கொடியது, பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் தடுப்பணை. அதன் மேல் வழிந்து விழும் நீர் அடிவரை இறங்கி, சற்றுத் தள்ளி மேலெழுந்து, மீண்டும் அணையை நோக்கியே திரும்புவதால், அங்கே சிக்கியவர் எவ்வளவு நீந்தினாலும் விழும் நீருக்கடியில் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறார். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால், உடலை மிதக்க வைக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே உயிரிழப்பது இதனால்தான். இளைஞர்கள் அதை அருவியென எண்ணி அதனடியில் குளிப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

மேற்பகுதியில் மழை பெய்தாலோ மதகைத் திறந்தாலோ, நகரில் வெயில் அடிக்கும்போதே நீர்மட்டம் உயரக்கூடும். நீரின் வேகம் இருமடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே முழங்காலளவு நீர்தானே என்று இறங்குவது தவறு. அடித்துச் செல்லப்படுபவர் வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் கற்களிடையே சிக்கினால் நீர் அவரைக் கவிழ்த்து அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டியபடி, மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே போராடுபவருக்குக் குரல் எழாது. நெருங்கி வருபவரைப் பற்றிக்கொண்டு அவரையும் அமிழ்த்திவிடுவார், அது அவர் அறிந்து செய்வதன்று. எனவே உதவிக்கு ஆளழைத்துவிட்டு, கரையில் படுத்தபடி கம்பையோ முறுக்கிய துணியையோ நீட்டுவதும், இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேனை வீசுவதுமே சரியான வழி. கரைசேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு நின்றிருந்தால், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பின் மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும்.

"இங்கே குளிக்காதீர்கள்" என்ற பலகையோடு நம் உள்ளாட்சி அமைப்புகள் நின்றுவிடுகின்றன. ஏன் குளிக்கக்கூடாது என்பதையும் அதில் எழுதி, அதன் அருகிலேயே கயிறு கட்டிய உயிர்காப்பு மிதவையைத் தொங்கவிட்டால், காப்பாற்ற ஓடிவருபவர் நீரில் குதிக்கத் தேவையிருக்காது. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான உலக நாளாக ஜூலை 25-ஐ ஐ.நா. பொதுச்சபை 2021-இல் அறிவித்துள்ளது. வரும் ஜூலைக்குள் ஒவ்வொரு படித்துறையிலும் தடுப்பணையிலும் மிதவைகளை வைத்து, அன்று பள்ளி மாணவர்களுக்கு அவற்றை வீசப் பயிற்சி அளிக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்