பாதிப் பாட்டில் அணைந்துபோகும் யு.எஸ்.பி. மைக்: மாற்று மைக் அல்லது முழுப் பணம் கேட்டுப் புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் யு.எஸ்.பி. மைக்கை 4,799 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் எரியும் நீல விளக்கு அணைகிறது. மைக்கைப் பிடுங்கிவிட்டதாக விண்டோஸ் சத்தம் கொடுக்கிறது. நான் பதிவு செய்யும் ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரில் பதிவு அங்கேயே அறுந்துவிடுகிறது. கேபிள் சொருகும் டைப்-சி வாயை விரலால் லேசாக அசைத்தாலே இது நடக்கும். உள்ளே சால்டரிங் விட்டிருக்கிறது என்று மேலூரில் மொபைல் ரிப்பேர் பார்க்கிறவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அதைச் செய்து விற்ற உங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

கஸ்டமர் கேரில் யார் எடுத்தாலும் ஒரே பதில்: "சாஃப்ட்வேர் பிரச்சினை சார்." அதே ஆடாசிட்டியில் லேப்டாப்பின் சொந்த மைக் மணிக்கணக்கில் ஒழுங்காகப் பதிகிறதே, அது எப்படி? விண்டோஸோடு வரும் ரெக்கார்டரிலும் உங்கள் மைக் இப்படித்தான் அறுகிறது. தங்கச்சியின் லேப்டாப்பிலும் அப்படியே. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், ஹப் இல்லாமல் நேரடியாகச் சொருகினேன், மைக்கிலும் சாஃப்ட்வேரிலும் சாம்பிள் ரேட்டை (ஒலியைப் பதியும் வேகம்) 48,000 ஹெர்ட்ஸ் என்று ஒன்றாக வைத்தேன், யு.எஸ்.பி. பவர் சேமிப்பையும் அணைத்தேன். அப்புறமும் ஒருவர் லேப்டாப்பின் சவுண்டு கார்டு டிரைவரை மாற்றச் சொல்கிறார். யு.எஸ்.பி. மைக்குக்குள்ளேயே தனி சவுண்டு கார்டு இருக்கிறது. ஒலியை எண்ணாக மாற்றித்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. லேப்டாப்பின் சவுண்டு கார்டுக்கு இதில் என்ன வேலை? உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாதா?

இதை யாருக்காக வாங்கினேன் என்பதையும் சொல்கிறேன். என் பெரியப்பா கள்ளந்திரிக்காரர், அழகர் சாமி மதுரைக்கு வரும் கதையைச் சொல்லும் அழகர் வர்ணிப்பு பாடுகிறவர். அழகர் மலையை விட்டுக் கிளம்பி பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று மண்டகப்படி மண்டகப்படியாக (சாமி நின்று போகும் மண்டபங்கள்) வந்து வைகையில் இறங்குகிற வரைக்கும் புத்தகம் பார்க்காமல் பாடுவார். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிறகு அதைப் பாட ஆள் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முழுவதையும் பதிந்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்து வந்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி உட்கார வைத்தேன். மூன்றுமாவடியில் மதுரைக்காரர்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை வரும்போது உங்கள் மைக் அணைந்துவிட்டது. மறுபடி பாடினார், மறுபடி அணைந்தது. தொண்டை கட்டிப்போய், "விடுப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு வந்த அந்தக் குரல் இனி வராது. ஒரு தலைமுறையின் பாட்டையே என்னிடமிருந்து பறித்துவிட்டீர்கள். 4,799 ரூபாய் அதற்கு ஈடாகுமா?

மதுரை பைபாஸ் ரோட்டில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டர் கதை தனி. கத்திரி வெயிலில் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனால், "ஒரிஜினல் பெட்டி இல்லாமல் வாங்க மாட்டோம்" என்றார்கள். இதை ஏன் போனில் சொல்லவில்லை? பெட்டியோடு திரும்பப் போனேன். அவர்கள் கம்ப்யூட்டரில் சொருகி "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார்கள், விளக்கு எரிந்தது, "குறை இல்லை" என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த டைப்-சி வாயை ஒருமுறை அசைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "டெஸ்ட் முடிஞ்சிருச்சு, அடுத்த ஆளு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் போனில் பேசிய உங்கள் ஆள் சொன்னதைப் பொறுக்க முடியாது. "இந்த விலைக்கு ஸ்டுடியோ குவாலிட்டி கேட்டா எப்படி? பாட்டு பாடணும்னா ஸ்டுடியோவுக்குப் போங்க. கிராமத்துல கரண்டே ஒழுங்கா வராது, மைக்கைக் குறை சொல்றீங்க." லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். உங்கள் பெட்டியின் மேலேயே 'ஹோம் ரெக்கார்டிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கிராமத்து வீடு வீடில்லையா? எங்கள் காசு காசில்லையா? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. 15 நாட்களுக்குள் வேறு புது மைக் அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். ரிப்பேர் செய்து அதையே திருப்பி அனுப்பினால் வாங்க மாட்டேன். பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்வேன். அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மன உளைச்சலுக்கும் சேர்த்தே கேட்பேன்.

ரசீது நகல், 'குறை இல்லை' என்று எழுதிய சீட்டு, டைப்-சி வாயைத் தொட்டவுடன் விளக்கு அணையும் வீடியோ, மூன்றுமாவடியில் அறுந்த பதிவு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மைக் பெட்டியோடு என்னிடம் இருக்கிறது. கூரியர் ஆளை வீட்டுக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இனி நான் பைபாஸ் ரோட்டுக்கு வரமாட்டேன். போனில் பேசுவதானால் பொறுப்பில் இருப்பவர் பேசட்டும். அந்த ஆள் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்