மேல்மொணவூர் அகதி முகாமிலிருந்து நன்றியுடன்

கர்த்தருடைய நாமத்தில் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இலங்கையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. டிவியில் எல்லாரும் பார்த்தீர்கள். ஞாயிறு பள்ளி முடிந்து, ஆராதனைக்கு முன்னால் ஏதாவது தின்னலாம் என்று முற்றத்துக்கு வந்த பிள்ளைகளில் எங்கள் அக்கா மகனும் ஒருவன். அவனுடைய தங்கை காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

எங்களால் போக முடியவில்லை. அகதி அட்டையை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அனுமதி வாங்கிப் போனாலும் திரும்பி வருவோம் என்பதற்கு உறுதி இல்லை. யுத்தம் முடிந்ததும் அக்கா தைரியமாக ஊருக்குத் திரும்பினாள், நான் இங்கேயே இருந்துவிட்டேன். அவள் வீட்டில் சாவு விழுந்தபோது நான் வேலூரில் உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் எங்கள் தொகுதித் தேர்தல் ரத்தானதைப் பற்றித்தான் பேச்சு. ஓட்டே இல்லாத நாங்கள் அதையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. மெயின் ரோட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பி. பெயர் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார், போட்டால் எல்லாரும் கடன் கேட்டு வந்துவிடுவார்களாம்.

குண்டு வெடித்த அன்றே இலங்கையில் வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அக்காவோடு பேசுவதெல்லாம் அதில்தான். சாதாரண போனில் பேச ஐ.எஸ்.டி. காசு வேண்டும். ஓடிப் போனபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நான் நின்ற கோலத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் தன்னுடைய போனையே எடுத்து, நம்பர் சொல்லுங்க அக்கா என்றார். லைன் கிடைக்கவில்லை. அவரே திரும்பத் திரும்ப அடித்தார். ஒவ்வொரு தடவையும் சிங்களத்தில் ஒரு பெண் குரல், அப்புறம் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். அந்தச் சிங்கள வாக்கியம் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அக்கா குரல் கேட்டதும் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார், எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார், தான் வெளியே போய் ரோட்டில் நின்றுகொண்டார். வேலூரின் ஏப்ரல் வெயிலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. போன் சூடாகிக் காதைச் சுட்டது. எதிரே வள்ளிமலை முருகன் காலண்டர், தேதி சிவப்பில். அதையே பார்த்துக்கொண்டுதான் அக்கா சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். முடிவில் அவள், “தங்கச்சி, நீ சாப்பிட்டியா?” என்றாள். அதுவரை அழாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் கடையில் இருந்தபடியே அக்கா நம்பரை அடிக்கத் தொடங்குவார். லைன் கிடைத்ததும் போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முகாமுக்குள் ஓடி வருவார். எனக்குக் காத்திருக்கிற வேலை இல்லை, அந்தச் சிங்களக் குரலைக் கேட்கிற வேலை இல்லை. அவர் ஓடி வரும் நேரத்துக்கும் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடக்க ஜெபத்தையும் அந்தப் போனில்தான் கேட்டோம். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஆமென் சொன்னபோது, வாசலில் நின்றிருந்த அவரும் கொஞ்சம் பிந்தி ஆமென் என்றார். எவ்வளவு ஆச்சு தம்பி என்று கேட்டால் இன்றைக்கும் தலையைச் சொறிகிறார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. அடுப்பே பற்றவைக்காத எங்கள் வீட்டுக்கு முறை வைத்துச் சோறு கொண்டுவந்த முகாம் பெண்கள், அக்கா போனில் சொல்லும் மருந்தையும் காயத்தையும் எங்களுக்குப் புரியும்படி விளக்கிய நர்ஸ் சகோதரி, வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் போன போதகரின் மனைவி ஐயர் அம்மா, எல்லாருக்கும் நன்றி. நான் பார்த்தே இராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வந்தவன்மேல் சந்தேகப்பட்டு, ஆலயத்துக்குள் போகவிடாமல் வெளியிலேயே தடுத்து நிறுத்தி, அங்கேயே உயிரை விட்ட அந்தச் சகோதரர். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். என் அக்காவும் இருந்தாள். அவருடைய மனைவி பிள்ளைகளுக்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம்.

துக்கம் விசாரிக்க வந்து ஒரு மதத்தையே திட்டித் தீர்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பிள்ளையின் சாவை யாரும் கையில் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். கர்த்தர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொன்னவர்கள்மேல் கோபமில்லை, அன்பில்தான் சொன்னார்கள். ஆனாலும் தயவுசெய்து இனி யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். பறித்தது கர்த்தர் இல்லை.

மறு ஞாயிறு கோவிலுக்கு வர எனக்கு விருப்பமே இல்லை. உயிர்த்தெழுதல் பாட்டுகள் இன்னும் பல வாரம் ஓடும், எந்த வாயால் பாடுவது? ஆனாலும் வந்தேன். அன்றைக்கு வாசித்தது, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவின் பகுதி. சிறு வயதிலிருந்து கேட்டதுதான், சந்தேகப்பட்ட தோமாவைப் பற்றித்தான் பிரசங்கம் வரும். இந்தத் தடவை எனக்குத் தோமா கண்ணில் படவில்லை, காயம்தான் பட்டது. மரணத்தை ஜெயித்து வந்தவருடைய கையில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது, விலாவும் அப்படியே இருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அப்படியானால் எங்கள் பிள்ளையை நாங்கள் மறுபடி பார்க்கும் நாளில், நடந்தது எதுவும் நடக்காததுபோல ஆகிவிடாது. அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்குத் தெரிந்தேயிருக்கும். இது ஆறுதலா என்று கேட்டால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரிதான் கொஞ்சம் தூங்கினேன்.

முப்பதாம் தேதி வாட்ஸ்ஆப் திரும்ப வந்துவிட்டது. அக்கா மகள் கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். அண்ணனைக் கேட்கிறாளாம்.

சபையாருக்கு ஒரு விஷயம். பிள்ளைகளுக்கான இந்த மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்) என்னால் வர முடியாது என்று சொல்லியிருந்தேன். வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் வருவேன். சின்னப் பிள்ளைகள் வகுப்பை எனக்கே கொடுங்கள். இடைவேளையில் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுக்கும்போது கேட் பக்கம் நான் நின்றுகொள்கிறேன். பயத்தில் சொல்கிறேனா, விசுவாசத்தில் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். ஆக்‌ஷன் பாட்டு மட்டும் இந்த வருஷம் வேறு யாராவது சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
மேல்மொணவூர்