நரியை நரியாகவே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் பேத்தியின் முன்பள்ளிக் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். காகம் வடை திருடிய கதையை நாடகமாக்கியிருந்தார்கள். திருட்டை மட்டும் காணவில்லை. காகம் பாட்டியிடம் காசு கொடுத்து வடை வாங்கியது; நரி பணிவாகக் கேட்க, பாதியைப் பிய்த்துக் கொடுத்தது. இரண்டும் கை கழுவிவிட்டு உண்டன. பிறகு ஒரு சிறுவன் ஒலிவாங்கியைப் பிடித்துப் பகிர்ந்துண்பதன் சிறப்பை ஒப்புவித்தான். நரியின் அட்டை வால் கழன்று விழுந்தபோதுதான் சபை சிரித்தது.

யுத்தம் கண்ட மண், பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்கிறார்கள். நல்ல மனதுடன்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர்கள் 2009க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். காட்டு யானை தென்னங்கன்றைச் சாய்ப்பதை யன்னல் வழியே பார்த்த பிள்ளைகளுக்கா நரியின் தந்திரம் தாங்காது?

எங்கள் காலத்தில் காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். அவனோ தாய் சொல் கேளாத பிள்ளை. அவன் கழுமரம் ஏறும்வரை, அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்தபடி விழித்திருப்போம். அதனால் எவரும் கெட்டுப்போகவில்லை; என் தம்பி மட்டும் வேலிக் கதியாலில் ஏறிக் கையை முறித்துக்கொண்டான்.

நரி ஏன் காகத்தைப் பாடச் சொல்லவில்லை என்று திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள். பஸ்ஸிலேயே பழைய கதையைச் சொன்னேன். வடை விழுந்த இடத்தில் முன் இருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.